கேட்காமல் வாங்கிய அடாப்டர்

மதியம் ஒன்றரை மணிக்கு மடிக்கணினியின் வைஃபை செத்துப்போனது. நான்கு மணிக்கு என் மனைவிக்கு மருந்தாளர் உரிமத் தேர்வு, வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதுவது. போன முறை நூலிழையில் தவறவிட்டிருந்தாள். இந்த முறையும் போனால் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

தேர்வுச் செயலியைப் போன வாரமே அந்தப் பழைய மடிக்கணினியில் பதிந்தாகிவிட்டது. இனி வேறு கணினியில் திறக்காது. ரவுட்டரிலிருந்து வரும் இணையக் கேபிளைச் செருகும் துளை எப்போதோ உடைந்துவிட்டது. போன் வழியாக இணையம் எடுக்கலாமென்றால், தேர்வு எழுதும் அறையில் போனே இருக்கக் கூடாது.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். நாங்கள் பேசி மூன்று நாளாகியிருந்தது. அன்று சாப்பிடும்போது, "பாஸ் பண்ணி என்ன பண்ணப் போற?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்ட நொடியே தப்பு என்று தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பேசாமலிருப்பது எனக்குச் சுலபம். நாள்கணக்கில் என்னால் முடியும்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டு வைஃபை அடாப்டர்களை வைத்தார். ஒன்று கட்டைவிரல் நகமளவு. இன்னொன்றில் விரல் நீளத்துக்கு ஆன்டெனா.

"சின்னது சுமாரான வேகம்தான் சார். பெருசு பறக்கும். ஆனா டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் போடணும். உங்க மெஷின்ல எந்த விண்டோஸ்?"

தெரியவில்லை.

"யாரு மெஷின்?"

"வீட்டுக்காரம்மாவோடது."

"அப்ப ஒரு போன் போட்டுக் கேளுங்க."

போன் கையில்தான் இருந்தது. நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

"சார், பெட்டி பதில் சொல்லாது" என்றார்.

பெரியதையே வாங்கினேன். விலை அதிகம். என் சார்பாக அது அவளிடம் ஏதாவது பேசும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

வீட்டில் அவள் தன் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டிரைவரை இறக்கினாள். பச்சைக் கோடு நகர்ந்து, நகர்ந்து, கடைசியில் நின்றது. இந்த விண்டோஸில் இது இயங்காது என்று ஒரு கட்டம் வந்தது. மணி இரண்டு ஐம்பது.

அவள் கத்தவில்லை. கட்டத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கடையில எந்த விண்டோஸ்னு கேக்கலையா?"

"கேட்டார்."

"அப்புறம்?"

அடாப்டரைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன்.

"எனக்கு ஒரு போன் பண்ண அவ்வளவு கஷ்டமா இருந்துச்சா உங்களுக்கு?"

பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டாவது சிக்னலில் ஒரு லாரி என்னை உரசாத குறையாகப் போனது. கடைக்காரர் கேட்கும் முன்பே நானே போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எந்த விண்டோஸ்?"

"எட்டு புள்ளி ஒண்ணு. அறுபத்துநாலு பிட். யுஎஸ்பி பழசு, ரெண்டு புள்ளி ஜீரோ. அவர்கிட்ட குடுங்க போனை."

கடைக்காரர் கேட்டார், தலையாட்டினார். "சரிம்மா. ஆமாம்மா, இந்தச் சின்னதே போதும். சிப் பழசு, உங்க விண்டோஸ்லயே இதுக்கு டிரைவர் இருக்கும். செருகுங்க, ஒரு நிமிஷம் பொறுங்க." போனைத் திருப்பித் தந்தார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"வந்து சொல்லுங்க. இப்ப ஓடியாங்க."

மூன்று நாற்பதுக்கு அதைச் செருகினாள். திரையில் ஒன்றுமில்லை. அரை நிமிடம் போனது. பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் பெயர் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஓடிப்போய் ரவுட்டரை அலமாரியிலிருந்து எடுத்து, ஒயர் எட்டும் வரை இழுத்து, அவள் அறை வாசலில் தரையில் வைத்தேன்.

"வந்துடுச்சு" என்று உள்ளிருந்து குரல் கேட்டது. "சிக்னல் ரெண்டு கோடுதான்."

"போதுமா?"

"போதணும்." அவள் எழுந்து வந்து தன் போனை என் கையில் வைத்தாள். "என்னமோ சொல்லணும்னீங்க."

"அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்பு என்மேலதான்."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்கிறதும் தெரியும். வாயால வர மூணு நாளு." கதவைப் பாதி சாத்தினாள். "இந்த ரவுட்டரை யாரும் தாண்டாம பாத்துக்கோங்க. நீங்களும்தான்."

கதவு மூடியது. நான் டிவியை அணைத்தேன். இரண்டு போன்களிலும் வைஃபையை அணைத்தேன். ரவுட்டருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். உள்ளே, கணினியில் தேர்வைக் கண்காணிக்கும் ஒரு பெண்ணின் குரல் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது. பிறகு மவுஸ் சொடுக்கும் சத்தம். சிறு இடைவெளி. மறுபடியும் சத்தம். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. நான் எண்ண ஆரம்பித்தேன். பதினெட்டில் சத்தம் நின்றது. ரவுட்டர் விளக்கு இன்னும் பச்சைதானா என்று குனிந்து பார்த்தேன். பச்சைதான். அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

பத்தொன்பது.