சிவப்பு வார்

எங்கள் கரையில் ஆண்கள் சட்டை இல்லாமல்கூட வெளியே போவார்கள், டேப் சுருள் இல்லாமல் போகமாட்டார்கள். சாம்பல் நிறத்தில், எதன்மேல் ஒட்டினாலும் பிடித்த பிடியை விடாத டேப். படகு ஒழுகினால் டேப், பூட்ஸ் கிழிந்தால் டேப். போன கோடையில் ஒருத்தன் நாயின் காலில் போட்ட துணிக்கட்டுமேல் அதையே சுற்றியிருந்தான். என் கணவன் ஆர்வோவும் அந்த ரகம்தான். அன்றைக்கு அவன் அதை விமானத்தின் ஜன்னலில் ஒட்டினான்.

நகரத்தில் அவனுக்குக் கண் பரிசோதனை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் விரிகுடாவுக்குச் சாலை கிடையாது. பின்னால் மலை, முன்னால் கடல். படகென்றால் ஒரு பகல் போய்விடும். அதனால் எல்லோரும் மிதவை விமானத்தில்தான் போவதும் வருவதும். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நீள மிதவைகள். தண்ணீரிலிருந்தே கிளம்பும், தண்ணீரிலேயே இறங்கும். அந்த விமானத்துக்கு என் வயதுதான் இருக்கும். எனக்கு மூட்டு வலிக்கிறதென்றால் அதற்கும் எங்காவது வலிக்காதா என்றுதான் நான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

நான் பயந்தாங்கொள்ளி. ஊரே அறிந்த விஷயம், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முன்பெல்லாம் இப்படி இல்லை. என்னோடு மீன் ஆலையில் வேலை பார்த்த ஸைமா ஏறிப்போன விமானம் வடக்கே ஒரு துறையில் இறங்கும்போது குப்புறக் கவிழ்ந்தது. உள்ளே இருந்த யாருக்கும் எலும்புகூட முறியவில்லை. கதவு நசுங்கித் திறக்க முடியாமல், கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளேயே மூழ்கிப் போனார்கள். அதற்கப்புறம்தான் அரசாங்கம் விழித்தது. இந்த மாதிரிச் சின்ன விமானம் ஒவ்வொன்றிலும் பயணிகள் பக்கத்து ஜன்னல் உள்ளிருந்து தள்ளினால் பிடுங்கிக்கொண்டு விழவேண்டும், ஆளை மிதக்கவைக்கும் உயிர்காப்புப் பையை இருக்கைக்கு அடியில் வைக்காமல் இடுப்பிலேயே கட்டியிருக்க வேண்டும் என்று கட்டாயம் வந்தது. எங்கள் கம்பெனி முனகிக்கொண்டே, கெடு முடியும் நேரத்தில் மாற்றியது.

புது ஜன்னலின் ரப்பர் விளிம்பில் ஒரு சிவப்பு வார் தொங்கும். வாரை இழுத்தால் ரப்பர் உருவிக்கொள்ளும். பிறகு மூலையில் முழங்கையால் ஓர் இடி. விமானம் ஓட்டும் மாக்சின் எனக்குத் துறையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "ஒரு கை வார்ல இருக்கணும் ஐலி. என்ன ஆனாலும் பெல்ட்டை முதல்ல கழட்டாதீங்க. கழட்டினீங்கன்னா தண்ணிக்குள்ள மேல எது கீழ எதுன்னு தெரியாது. ஜன்னல் திறந்து, அதோட விளிம்பைப் பிடிச்சப்புறம்தான் பெல்ட்." அதிலிருந்து நான் ஏறியதும் வாரைப் பிடிப்பேன், துறையில் கயிறு கட்டியபிறகுதான் விடுவேன். ஊரில் எனக்குச் சிவப்பு வார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்களோ நேர்மாறு. பிறந்ததிலிருந்து பறக்கிறவர்கள் அல்லவா. மிதவை தண்ணீரைத் தொட்ட உடனே டக் டக்கென்று எல்லா பெல்ட்டும் கழன்றுவிடும். விமானம் துறைக்கு ஊர்ந்து போய்ச் சேரும்வரை பெல்ட்டோடு உட்கார்ந்திருப்பவர் சுற்றுலாப் பயணி, இல்லையென்றால் நான்.

அன்றைக்கு இடது ஜன்னல் பக்கத்து இருக்கையில் பக்கத்து வீட்டு யோர்மாவின் படகு இயந்திரம் உட்கார்ந்திருந்தது. மாக்சின் அதற்கும் பெல்ட் போட்டிருந்தாள். பின்னால் ஊருக்கெல்லாம் மளிகைப் பெட்டிகள். நடுவில் நான். வலது ஜன்னலில் ஆர்வோ. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கவேண்டுமாம்.

மாக்சின் மிதவையில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆர்வோ பையிலிருந்து சுருளை எடுத்தான். பர்ரென்று கிழித்து ஜன்னலின் மேல் ஓரத்தில் ஒட்டினான்.

"என்ன பண்ற?"

"காத்து வருது. வர்றப்பவே இந்தத் தோள்பட்டை செத்துப்போச்சு. நல்ல ஜன்னலை எடுத்துட்டு ஓட்டை ஜன்னலை வச்சிருக்கானுங்க."

"ஆர்வோ, அது ஜன்னல் இல்ல. அது வழி."

"வழின்னா காத்து வரத்தான் செய்யும். அதான் அடைக்கிறேன்." பக்கவாட்டில் ஒன்று, கீழே ஒன்று. வாரையும் சேர்த்து ஒட்டிவிட்டு, கடல் தெரிய ஓர் இடுக்கு மட்டும் விட்டு, மேலே தன் கோட்டைத் தொங்கவிட்டான். கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே என்று சும்மாவா சொன்னார்கள்.

மாக்சின் ஏறினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். கட்டின புருஷனை அடுத்தவளிடம் எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று வாய் கூசியது. அதற்குள் விமானத்தின் இயந்திரம் உறுமிவிட்டது. அதன்பின் உள்ளே யார் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும்.

மேகம் மிகவும் தாழ இறங்கியிருந்தது. மாக்சின் மரங்களின் உச்சியை உரசுகிற மாதிரி கரையோரமாகவே ஓட்டினாள். ஓரிடத்தில் முன்னால் வெறும் வெள்ளை. அவள் சட்டென்று சாய்த்துத் திருப்பியபோது என் பக்கம் ஆகாயமும் ஆர்வோ பக்கம் கடலும் இருந்தன. என் கை தானாக வாரைத் தேடியது. பிடித்துக்கொள்ள வார் இல்லை. முன்னால் எட்டி மாக்சினின் தோளைத் தட்டினேன். ஜன்னலைக் காட்டி, டேப், டேப் என்று வாயசைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் என்றைக்கும் இருக்கிற மாதிரிதான் இருந்திருக்கும். என் கையைத் தட்டிக்கொடுத்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். தினமும் பயப்படுகிறவளுக்கு இதுதான் கதி.

ஆர்வோவின் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டிக் கோட்டை விலக்கினேன். நகத்தால் டேப்பின் மூலையைச் சுரண்டினேன்.

"யாராவது பாத்தா நீ என்னைக் கட்டிப்பிடிக்கிறேன்னு நினைப்பாங்க," என்றான் என் காதருகில்.

"சும்மா இரு."

"இந்த வயசுல உனக்கு இவ்ளோ ஆசையா?"

மேல் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வந்தது. நகம் பிளந்தது. பக்கவாட்டு ஓரமும் வந்தது. அதற்குள் எங்கள் விரிகுடாவின் வாய் தெரிந்தது, இயந்திரத்தின் சத்தம் தணிந்தது, இறங்கப் போகிறோம். கீழ் ஓரம் அவன் முழங்கைக்கு அடியில் இருந்தது. வாரும் அங்கேதான் ஒட்டிக்கிடந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

"போதும் ஐலி. குளிருது. இன்னும் கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள வீடு."

சண்டை போட்டால் அவன் இன்னும் இறுகுவான், எனக்குத் தெரியாதா. அவன் அம்மாவையே இழுத்துத் திட்டலாம் என்று வாய் வரை வந்தது. அதற்குப் பதிலாக அழுகை வந்துவிட்டது.

"ஆர்வோ, நான் பயந்து சாகுறேன். என்னால மூச்சே விட முடியல. உனக்காக வேணாம். எனக்காகப் பிச்சு எடு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவனிடம் கெஞ்சி அவன் பார்த்ததில்லை. முழங்கையைத் தூக்கி, ஒரே இழுப்பில் டேப்பைப் பிய்த்து, உருட்டி என் மடியில் போட்டான். "இந்தா. நாளைக்குத் தோள் பிடிச்சுக்கிச்சுன்னா நீதான் தேச்சு விடணும்."

நான் வாரைப் பிடித்துக்கொண்டேன். டேப்பின் பசையால் பிசுபிசுவென்று இருந்தது.

மிதவை தண்ணீரைத் தொட்டது. டக். ஆர்வோவின் பெல்ட் கழன்றது. எங்கள் தண்ணீரில் மரம் வெட்டுகிறவர்களின் தெப்பங்களிலிருந்து தப்பிய கட்டைகள் மிதக்கும். நாளாக ஆக ஊறி, செங்குத்தாக நின்று, தலைமட்டும் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அப்படி ஒன்று இடது மிதவைக்குக் காத்திருந்தது. இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். உலகம் என் தலைக்கு மேலாக ஒருமுறை புரண்டது.

பிறகு தண்ணீர். குளிர் என்று அதைச் சொல்வது தப்பு. அது மூச்சைப் பிடித்து வெளியே எறிந்தது. இயந்திரம் நின்று, கரும்பச்சை இருட்டு. நான் தலைகீழாகப் பெல்ட்டில் தொங்குகிறேன் என்பது மெல்லத்தான் புரிந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அப்படிச் சொன்னவர் தலைக்கு மேல் ஒருநாளும் வெள்ளம் போயிருக்காது. எனக்கும் ஜன்னலுக்கும் இடையே ஒரு முழம். அந்த ஒரு முழம்தான் எல்லாமே.

பக்கத்தில் ஆர்வோ இல்லை. அவன் பூட்ஸ் என் முகத்தில் உதைத்தது. பெல்ட் இல்லாத அவனைத் தண்ணீர் எங்கேயோ தூக்கிக்கொண்டு போய், படகு இயந்திரத்தின் பக்கம் மோதிக்கொண்டிருந்தது. அந்தப் பக்க ஜன்னலை இயந்திரம் அடைத்திருந்தது. தன் ஜன்னல் அங்கே இருப்பதாக நினைத்து அவன் சுவரைக் குத்துவது என் இருக்கையில் அதிர்ந்தது. அத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்த மனிதன் கைக்கெட்டும் தூரத்தில் செத்துக்கொண்டிருந்தான், என்னால் கத்தக்கூட முடியவில்லை.

வாரை இழுத்தேன். வந்தது. கையை முழுக்க நீட்டி மூலையை இடித்தேன். அசையவில்லை. பசை. மறுபடி இடித்தேன், மறுபடி. ஜன்னல் போய்விட்டது. அந்த விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். பெல்ட்டைக் கழற்றி வெளியே போகவேண்டும் என்று உடம்பு முழுக்கக் கூவியது. போயிருப்பேன், பொய் சொல்லமாட்டேன். மற்ற கை பெல்ட்டுக்குப் போகும் வழியில் அவன் சட்டை விரலில் பட்டது.

பிடித்து இழுத்தேன். அவன் திமிறினான், என் முடியைப் பற்றினான். அந்தக் கையை முடியிலிருந்து பிய்த்து, என்னைத் தாண்டி இழுத்துவந்து, ஜன்னல் விளிம்பில் அழுத்தினேன். அவன் விரல்கள் அதைத் தடவின. புரிந்துகொண்டன. பிறகு அவன் என்னை உரசிக்கொண்டு வெளியே போனான். அவன் கால் போகிறவரை எனக்கு வழி இல்லை. கண்ணுக்குள் பொறி பறந்தது. பெல்ட்டைத் தட்டினேன், விளிம்பைப் பிடித்து இழுத்தேன், என் கோட்டு எங்கோ மாட்டியது, கிழிந்தது.

மேலே வந்தபோது யாரோ என் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள். மாக்சின். அவள் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கவிழ்ந்த விமானத்தின் மிதவைமேல் ஆர்வோ குப்புறப் படுத்துத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான். நண்டுப் படகு ஒன்று எங்களைப் பார்த்து வந்தது. எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன், கரை சேரும்வரை என் பிளந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கரை சேர்ந்த கையோடு எங்களை மருத்துவப் படகில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் நுரையீரலில் சளி கட்டி, தேறச் சில நாள் ஆனது. வீடு திரும்ப வேண்டுமே. மறுபடி அதே துறை, அதே மாதிரி இன்னொரு விமானம், தலையில் தையலோடு மாக்சின். ஆர்வோ பலகையில் நின்றான். ஒரு காலை மிதவையில் வைத்தான், எடுத்தான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"உனக்குப் பயமா இல்லையா?" என்றான்.

"இருக்கு. என்னைக்குத்தான் இல்ல? ஏறு."

"நீ ஜன்னல் பக்கம் உக்காரு."

"இல்ல. நீ உக்காரு. வாரைப் பிடிச்சுக்க."

வழியெல்லாம் அவன் வெளியே பார்க்கவில்லை. ஜன்னலிலிருந்து குளிர்காற்று ஊசி ஊசியாக வந்து அவன் தோளில் குத்திக்கொண்டிருந்தது. எனக்கும் பயம்தான், ஆனால் என்னுடையது பழகின பயம். அவனுடையது புதிது. விரிகுடாவில் இறங்கினோம். முன் இருக்கையில் யாரோ டக்கென்று பெல்ட்டைக் கழற்றினார்கள். அந்தச் சத்தத்துக்கு ஆர்வோ கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

துறையை அடைந்தோம். கயிறு கட்டியாயிற்று. மாக்சின் வந்து கதவைத் திறந்து, "வீடு வந்தாச்சு ஆர்வோ," என்றாள். அவன் தலையாட்டினான். ஆனால் கை வாரை விடவில்லை. விட முயல்வது எனக்குத் தெரிந்தது, விரல்கள்தான் கேட்கவில்லை. நான் குனிந்து அவன் சுண்டுவிரலின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, டேப்பை உரித்த மாதிரியே, ஒவ்வொன்றாக உரித்து எடுத்தேன்.