ஒன்பது போட்ட சொல்

போர்ச்சுகல் நாட்டுச் சொற்கள் தூத்துக்குடியில்தான் அளக்கப்படுகின்றன. ஈரச் சாக்கு சுற்றிய மரப்பெட்டிகளில் கப்பலேறி வந்து, பழைய துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் நிலையத்தில் அவை வரிசையாக உட்கார்ந்திருக்கும். எவ்வளவு துக்கம், எவ்வளவு சந்தோஷம், கண்ணை மூடினால் உருவம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றையும் வாயில் போட்டு அளந்து திருப்பி அனுப்ப வேண்டும். அந்த நாட்டு ஆராய்ச்சிக்காரர்களால் இதைச் செய்ய முடியாது. பிறந்ததிலிருந்து பேசிப் பேசி அவர்கள் நாக்கு மரத்துப்போயிருக்கிறது. இந்த வேலைக்கு அர்த்தம் தெரியாத நாக்கு வேண்டும்.

அளப்பதில் ரெஜினாளை மிஞ்ச ஆள் கிடையாது. தான் லீவு போட்டால் லிஸ்பனில் ஒருவரும் வாய் திறக்க முடியாது என்ற நினைப்பும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. அந்த நினைப்பில்தான் தங்கை ஜசிந்தாளின் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்து ஒரு கப்பல் நிறையப் பழங்களின் பெயர்கள் வந்து இறங்கியிருந்தன. விட்டால் அழுகிவிடும். தாய் தகப்பன் இல்லாத பெண், கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் நடுவே ஒற்றையாக நின்றாள். அதற்குப் பிறகு அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அளப்பதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். இல்லையென்றால் அளப்பவரின் மனசு சொல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் காலையில் மீன் மார்க்கெட்டில் ஜசிந்தாள் அவளைப் பார்த்தும் பார்க்காதமாதிரி கடந்து போனாள். ரெஜினாள் அப்படியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கொப்பளிக்காமலே முதல் சொல்லைக் கூப்பிட்டாள். 'இர்மா' என்றொரு குட்டைச் சொல் வந்தது. வாயில் போட்டதும் கசந்தது. துக்கம் ஒன்பது என்று போட்டாள். அதுதான் உச்சம்.

அடுத்த கப்பலிலேயே அந்தச் சொல் திரும்பி வந்தது, பாதியாய் இளைத்து. கூட வந்தவர் கப்பல்காரர் தொம்மை.

"ஏம்மா ரெஜினா, என்ன காரியம் பண்ணிட்ட? அங்க ஒருத்தி இன்னொருத்தியக் கூப்பிட முடியல. வாயத் தொறந்தாலே அழுதுருதாளுவ."

"யாரு யாரக் கூப்பிட?"

"அக்கா தங்கச்சிக்கு அங்க அதாம்மா பேரு."

ஒரு வாய் உப்புத் தண்ணீருக்குச் சோம்பல்பட்டு, ஒரு நாட்டின் அக்கா தங்கைகளையெல்லாம் அழ வைத்துவிட்டோமே என்று ரெஜினாள் நொந்துபோனாள். கொப்பளித்திருக்கலாம். அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் கொப்பளிக்கக்கூட வேண்டியிருந்திருக்காது.

திரும்ப அளந்தால் சரியாகிவிடும். ஆனால் அர்த்தம் தெரிந்துவிட்டதால் அவளால் இனி முடியாது. தொம்மை உரக்கப் பேசுகிற ஆள் என்பதால், கூடத்திலிருந்த மற்ற நாக்குகளும் கெட்டுவிட்டன. கல்யாணத்துக்கு முன்பு இந்த வேலையைப் பழகி, இப்போது வீட்டில் இருக்கிற நாக்கு ஒன்றுதான் மிச்சம்.

ஜசிந்தாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஒரு சொல்லு அளக்கணும். நீதான் வரணும்," என்றாள் ரெஜினாள்.

"என்ன சொல்லு?"

"அர்த்தம் சொல்லக் கூடாது. அங்க பொம்பளைய எல்லாம் அழுதாவ."

ஜசிந்தாள் கடைசித் துணியையும் உதறிப் போட்டாள். "உனக்காக வரல. அழுதாவன்னு சொன்னியே, அதுக்காக வாரேன்."

நிலையத்தில் ஜசிந்தாள் மூன்று தடவை கொப்பளித்தாள். ஒழுங்கான வேலைக்காரி. சொல்லை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். சந்தோஷம் இரண்டு புள்ளியாவது வரட்டும் என்று ரெஜினாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் ஜசிந்தாள். "சப்புனு இருக்கு. துக்கம் சைபர். சந்தோஷமும் சைபர்."

அர்த்தத்தைச் சொல்லிவிட ரெஜினாளுக்கு வாய் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒன்பது அவள் போட்டது என்று ஊருக்கே தெரியும். இந்தச் சைபரும் தான் கொடுத்ததுதான் என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது. அழுதிருந்தாலாவது தேவலை.

சைபர் வாங்கிய சொல் தரையில் நிற்காது. இதுவும் மெல்ல எழும்பி மின்விசிறிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அப்படிப்பட்டதை ஊர் போய்ச் சேரும்வரை யாராவது மடியில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அர்த்தம் தெரியாதவர் கைக்கு அது அகப்படாது. தொம்மைக்குக் கப்பலில் வேறு வேலைகள் இருந்தன. ரெஜினாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறி அதைப் பிடித்தாள். பிறகு பெட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தாள்.

ஜசிந்தாள் சாக்கை நனைத்துச் சுற்றினாள். பலகையை வைத்து ஆணி அடித்தாள். கடைசி ஆணிக்கு முன்னால் இடுக்கில் குனிந்தாள்.

"போயிட்டு வா, அக்கா."

அந்தச் சொல் இருட்டில் ரெஜினாளிடம் வந்து சேர்ந்தது. பழக்கதோஷத்தில் அவள் அதை வாயில் போட்டு அளந்தாள். கண்ணீர் நிற்கவில்லை. எவ்வளவு என்று தங்கையிடம் சொல்வதற்குள் கடைசி ஆணியும் இறங்கிவிட்டது.

கிரேன் கொக்கியை மாட்டிக்கொண்டே தொம்மை கேட்டார்.

"பெட்டிக்குள்ள எத்தனை சொல்லு?"

"ரெண்டு," என்றாள் ஜசிந்தாள்.