மூன்றாவது பாட்டில்

வடகரை உச்சிமாகாளிக்கு எழுபத்தொரு வயது. ராணுவத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். அவரிடம் யாரும் சாட்சி கேட்டதில்லை. அவர் சொல்லிவிட்டால் அதுவே சாட்சி. வரப்புத் தகராறு வந்தால், "சுபேதார் வீட்டுல கேட்டுட்டு வாங்கலே" என்றுதான் ஊரில் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மாதமாக மகளின் போனை எடுக்கத் தயங்கினார்.

மகள் ஜெயசித்ரா பெங்களூரில் வேதியியல் விஞ்ஞானி. பதினெட்டு வருடமாக ஒரே ஒரு நொதியின் பின்னால் அலைகிறவள். காற்றில் நைட்ரஜன் கொட்டிக் கிடந்தாலும் பயிரால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. சில நுண்ணுயிர்கள்தான் பிடித்து உரமாக்கித் தருகின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதியின் நடுவில் இரும்பும் மாலிப்டினம் என்ற உலோகமும் பதிந்திருக்கும். மாலிப்டினம் கிடைக்காத இடத்தில் சில நுண்ணுயிர்கள் வெறும் இரும்பை வைத்தே ஒப்பேற்றிவிடும். எப்படி என்பதுதான் அவள் கேள்வி. அதற்காக அவள் தேர்ந்தெடுத்தது, குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு மேலே இருக்கும் ஒரு பாறைச் சுனை.

ஆனி மாதம் அவளே ஏறி இரண்டு பாட்டில் எடுத்துப் போனாள். புரட்டாசியில் அவளால் வர முடியவில்லை. வனத்துறை அனுமதியை அப்பா பெயரில் வாங்கி அனுப்பி, "முடியுமாப்பா?" என்று கேட்டாள்.

"சியாச்சின்ல நின்னவன்ட்ட கேக்குத கேள்வியா இது?"

பாதி மலையில் முழங்கால் கைவிட்டது. ஒரு பாறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார். முடியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. மறுநாள் காலை தன் வயல் மடையில் பாட்டிலை நிரப்பினார். எல்லாம் ஒரே மலைத் தண்ணீர்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். 'செண்பகாதேவி அருவிக்கு மேல், சுனை, காலை 9.20' என்று ஒட்டுச்சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டு, பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்.

ஐப்பசிக் கடைசியில் மகள் நேரிலேயே வந்துவிட்டாள். பையை இறக்கி வைக்கும் முன்பே கேள்வி.

"அப்பா, என்னோட ரெண்டு பாட்டில்லயும் மாலிப்டினம் இல்லவே இல்ல. உங்க பாட்டில்ல அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கு. அங்கன என்னமோ நடக்குது. நீங்க போன அன்னைக்கு மழை உண்டா?"

"லேசா."

"பாறையில பாசி என்ன நிறம்?"

"பாசி பாசி நிறந்தான்."

"சுனைக்குள்ள புதுசா ஊத்து ஏதும் விழுந்துச்சா?"

"என்னட்டி, போலீஸ் விசாரணையா?"

அவள் சிரித்தாள். "நீங்க ஒருத்தர்தான சாட்சி? உங்களத்தான கேக்கணும்."

அந்தச் சொல் எங்கே தைத்தது என்று அவளுக்குத் தெரியாது. மடிக்கணினியைத் திறந்து அவரிடம் திருப்பினாள். அடுத்த மாதம் ஹைதராபாத்தில் நூறு விஞ்ஞானிகள் முன்னால் பேசப் போகிறாள். மழைக்குப் பிறகு பாறைக்குள்ளிருந்து மாலிப்டினம் கசிகிறது என்பது அவள் ஊகம். திரையின் கீழே சிறிய எழுத்தில் இருந்தது: 'மாதிரி சேகரித்தவர்: சுபேதார் உச்சிமாகாளி, வடகரை.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் ஒரு பொய் சொன்னால் அது தன்னோடு போகும். இதுவோ மகளின் வாயால் சபை ஏறப் போகிறது.

"அதை எடுத்துரு."

"எதை?"

"என் பேரை. அந்தப் பாட்டிலையும். நான் மேல ஏறல. நம்ம மடையில மொண்டது."

ஜெயசித்ரா அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "எந்த மடை? காட்டுங்க."

வயலைக் குத்தகைக்குப் பார்க்கும் பிச்சைமணி உளுந்துக்குள் களை பறித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும், "அண்ணாச்சி பாட்டில்ல மொண்டாவளே, பாத்தேன்! சாமிக்கு அபிஷேகம் போலன்னு இருந்துட்டேன்" என்றான்.

"அன்னைக்குக் காலையில இங்கன எதையும் கழுவுனீங்களா?"

"விதைக்கு ஒரு வெள்ளை உப்பு கலந்தேன்லா, அந்த வாளியத்தான். வேளாண்மை ஆபீஸ்ல குடுத்தாவ. உளுந்து வேர் நல்லா முடிச்சுப் போடுமாம். பேருதான் வாயில நுழைய மாட்டேங்கு."

"மாலிப்டினமா?"

"அதேதான்!"

அவள் ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினாள். உள்ளே ரத்தம் போலச் சிவப்பு. இதற்குள்ளும் அதே நொதிதான் வேலை செய்கிறது என்றாள். ஐம்பது வருடமாக உளுந்து விதைத்த குடும்பம். உச்சிமாகாளி அதைப் பிளந்து பார்த்தது இல்லை. வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும், ஒட்டுச்சீட்டில் அவர் எழுதியதை அவள் பதிந்து வைத்திருந்த மாதிரிப் பதிவேட்டையும் பேனாவையும் நீட்டினாள். "நீங்கதான் எழுதணும், அப்பா. பழைய வரி மேல ஒரே ஒரு கோடு. அடிச்சதும் தெரியணும், அடியில இருக்கதும் தெரியணும்."

"தெரியும். பட்டாளத்துப் பதிவேட்டுலயும் அப்படித்தான்."

கோடு போட்டார். 'நான் மேலே ஏறவில்லை. இது என் வயல் மடைத் தண்ணீர்' என்று எழுதித் தேதியிட்டு, முழுப் பெயரையும் போட்டார். மூடப் போனவர் நிறுத்தினார்.

"ஏட்டி, அப்ப மேல சுனையில இருக்கது அந்த உப்பே இல்லாம எப்படித்தான் பிழைக்கு?"

"அதத்தான் பதினெட்டு வருசமா தேடுதேன்."

"நாளைக்கு ஏறுவியா?"

"ஏறுதேன்."

"பாதி வரைக்கும் நானும் வாரேன். அங்கன உக்கார ஒரு பாறை இருக்கு."