இருபத்து நாலு வளையம்

எழுபத்திரண்டாம் வருஷம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி கோக்கும் பட்டறை ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் கண்ணுகளா, நிஜமாகவே கோப்பதுதான். கடுகைவிடச் சின்னக் கறுப்புக் காந்த வளையங்களை மெல்லிய செம்புக் கம்பியில் கோத்து, ஒரு சட்டத்தில் பாய் மாதிரி விரிப்பார்கள். ஒரு வளையம் ஒரே ஒரு 'ஆமா'வையோ 'இல்லை'யையோ நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு பிட் என்று பெயர். முப்பத்திரண்டு வரிசை, வரிசைக்கு முப்பத்திரண்டு வளையம். சட்டம் நிறைந்தால் 'ஒரு கே', அதாவது ஒரு கிலோ பிட். முடித்தவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

அன்று சாயங்காலம் தாட்சாயிணியைப் பெண் பார்க்க வேப்பம்பட்டில் அவள் வீட்டுக்கு வருகிறார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னாடியே சொல்லியனுப்பியிருந்தார்கள். அவள் அழுது பார்த்தும் அப்பா மசியவில்லை. ஊருக்குப் போகும் மூணே முக்கால் ரயிலை விட்டால் அடுத்தது ஆறு மணிக்குத்தான். அந்த ரயிலை விட்டுவிடுவதென்று அவள் காலையிலேயே முடிவு செய்துவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து கோத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேசை ராஜம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடி, பொண்ணு பாக்க வர்ற நாள்ல தூங்கிகினு கீற? தள்ளு."

ராஜம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சூழ்ந்து உட்கார்ந்து கோத்துத் தள்ளிவிட்டார்கள். மூணேகாலுக்கெல்லாம் ஆயிரம் ஆகிவிட்டது. சூப்பர்வைசர் கலியமூர்த்திக்கும் மனசு இளகியது.

"ஆயிரம் ஆச்சில்ல, கெளம்பும்மா. மிச்சம் நாளைக்கு."

"ஆயிரம் எப்டி சார் ஒரு கே ஆவும்? இன்னும் இருபத்து நாலு கீதே," என்றாள் தாட்சாயிணி.

"கிலோன்னா ஆயிரம்தாம்மா. எந்தக் கடையிலயும் கேளு."

"அது கத்திரிக்கா கிலோ சார். ஒன்ன ரெண்டாக்கி, ரெண்ட நாலாக்கி, பத்து தபா ரெட்டிச்சா ஆயிரத்து இருபத்து நாலுன்னு போர்டுல எழுதுனது யாரு? போன மாசம் அன்னம்மாக்கா ஆயிரத்தோட எழுந்ததுக்கு மொத்தத்தையும் பிரிக்க வெச்சீங்களே."

"நல்லா கேளுடி," என்றாள் எதிர் மேசை அன்னம்மாள்.

"அப்ப சீக்கிரம் முடிம்மா," என்றார் கலியமூர்த்தி.

"குடு, நான் கோத்துட்றேன்," என்று ராஜம்மா கை நீட்டினாள்.

"கடைசி வரிசைய ரெண்டு கை தொட்டா கம்பி முறுக்கிக்கும்க்கா. அதுவும் சார் சொன்னதுதான்."

தாட்சாயிணி இன்னும் எட்டு வளையம் கோத்ததும், "ஐயோ, எண்ணிக் குடுத்ததுல ஒண்ணு கீழ வுழுந்துடுச்சு," என்றாள். அவ்வளவுதான், கலியமூர்த்தி உட்பட எல்லோரும் தரையில் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தார்கள். கடிகாரம் மூணரையைத் தாண்டியது. தற்செயலாக நிமிர்ந்த ராஜம்மாவின் கண்ணில் தாட்சாயிணியின் விரல் பட்டது. நகத்தடியில் ஒரு கறுப்புப் புள்ளி.

ராஜம்மா அவள் காதோரம் குனிந்தாள். "அடிப்பாவி. மாப்ள வேணாமா ஒனக்கு?"

"வேல வேணும்க்கா."

 ராஜம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு மறுபடி தரையில் உட்கார்ந்தாள்.

"இங்க இல்ல சார். அந்த பீரோவத் தள்ளிப் பாருங்க."

கலியமூர்த்தி மூச்சுப் பிடித்து பீரோவைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, மூணே முக்கால் ரயில் ஆவடியை நோக்கிக் கூவிக்கொண்டு போனது.