அகழிக்குள் இருவர்

இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் ஊரை ஒட்டிய காட்டுக்குள் ஒரு பழைய அகழி உண்டு. நாற்புறமும் பள்ளம், நடுவே மேடு. எழுநூறு வருடங்களுக்கு முன் அந்த மேட்டில் ஒரு நிலக்கிழார் வீடு கட்டி வாழ்ந்தார். இப்போது ஹேசல் புதர்கள்தான் வாழ்கின்றன.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதை அளக்கப் போனோம். ஹெஸ்டர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஆம்ப்ரோஸ் எங்கள் தேவாலயத்தில் மணி அடிப்பவர், மனைவியை இழந்தவர். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் பள்ளத்தின் வெளிக்கரை மூலையில் நின்றேன். அந்தக் காலத்தில் மேட்டுக்குப் போன பாதை எது என்பதில் இவர்கள் இருவருக்கும் குளிர்காலம் முழுக்கச் சண்டை. கிழக்கே என்பாள் அவள்; தெற்கே என்பார் அவர்.

"இதோ பாருங்க, இங்கதான். காய்ஞ்சு கிடக்கு," என்றார் ஆம்ப்ரோஸ்.

"அது மேல கிடக்கிற இலை. அடியில சேறு."

"பிளாக்போர்டைப் பார்த்தே காலத்தை ஓட்டினவங்களுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்?" என்றபடி காலை வைத்தார். இடுப்புவரை போய்விட்டார்.

"காய்ஞ்சிருக்கா?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

"லேசா ஈரம் இருக்கு."

அவள் சிரித்துக்கொண்டே கை நீட்டினாள். அவர் பிடித்து இழுக்க, அவளும் சறுக்குமரத்தில் வருகிற குழந்தைபோல உட்கார்ந்தபடியே உள்ளே போனாள். உதவிக்கு ஓட வேண்டிய நான் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் சிரிக்கச் சிரிக்க இன்னும் புதைந்தார்கள். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, தள்ளாடித் தள்ளாடி, மூலை திரும்பி மேற்குப் பக்கம் வந்தார்கள்.

"அசையாதீங்க," என்றாள் ஹெஸ்டர். "என் கால் கல்லு மேல நிக்குது."

காலால் துழாவினார்கள். சேற்றுக்கடியில் இறுக்கி அடித்த கற்கள் மேட்டை நோக்கி நேராகப் போயின.

"ரெண்டு பேருமே தப்பு," என்றார் ஆம்ப்ரோஸ் மகிழ்ச்சியோடு.

அந்தக் கற்கள் மேலேயே நடந்து மேடேறினார்கள். அங்கே மஞ்சள் பிரிம்ரோஸ் பூக்களுக்கு நடுவே அவர் அவளைச் சுழற்றிச் சுழற்றி ஆட வைத்தார். தலை சுற்றி இருவரும் விழுந்தார்கள்.

"ஹெஸ்டர், என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"இந்தச் சேத்தோடயா?"

"குளிச்சிட்டு வர்றேன்."

"வேணாம். குளிச்சா மனசு மாறிடும். சரின்னுட்டேன்."

வெளிக்கரையில் நான் கை தட்டினேன்; நாடா சேற்றில் விழுந்தது.

ஊர் பப்பின் சொந்தக்காரி அவர்களை உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாகச் சூடான சிப்ஸைத் தந்தாள். சேற்றுக் கையோடு, ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டே தின்றார்கள்.