வந்தவருக்கு ஒரு சொல்

விருந்துக்கு வந்த முபோரக் விடைபெற்று வாசலைத் தாண்டியதுதான் தாமதம், ஹோசியத் மருமகளின் கையைப் பிடித்துவிட்டாள்.

"குனிஞ்சு வணங்கறப்போ வாய்க்குள்ள என்னடி சொன்னே? நேத்தும் பார்த்தேன். வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் ஏதோ முணுமுணுக்கறே."

ஓய்தின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கல்யாணம் முடிந்த கையோடு கணவன் தாஷ்கண்டுக்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். புதுப்பெண்ணைப் பார்க்க மர்கிலான் ஊரில் பாதி எங்கள் தெருவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. நான் எதிர்வீட்டுக்காரி, வருகிறவர்களுக்கு ரொட்டி பிய்த்து வைப்பது என் வேலை.

"நீங்களே கேளுங்கக்கா," என்று ஹோசியத் என்னை இழுத்தாள். "மந்திரம் கிந்திரமா இருந்துடப் போகுது!"

"மந்திரம் இல்ல அத்தை, இங்கிலீஷ்."

பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவள் அவள். போன தடவை ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் அரை மதிப்பெண்ணில் கோட்டைவிட்டாள். எதைப் பற்றி எழுதினாலும் நல்லது, கெட்டது, பெரியது என்றே எழுதினால் எப்படி என்று பயிற்சி வகுப்பில் கேட்டார்களாம். இந்தத் தடவையும் சான்றிதழ் வராவிட்டால் அவளுடைய வகுப்பு வேறொருத்திக்குப் போய்விடும். தேர்வு சனிக்கிழமை, பக்கத்து நகரமான ஃபெர்கானாவில். புதுப்பெண்ணோ எங்கள் வழக்கப்படி கல்யாணமாகி நாற்பது நாள் தனியாக இருக்கக்கூடாது. மாமியாரிடம் கேட்கவே பயமாயிருக்கிறது என்று சமையலறையில் என்னிடம் சொல்லியிருந்தாள். இப்போது இது வேறு.

"என் விருந்தாளிங்களை இங்கிலீஷ்ல திட்டறியா?"

"ஐயோ, இல்ல அத்தை! உட்கார்ந்து படிக்க நேரமில்ல. அதான் வர்றவங்க மேல ஆளுக்கொரு வார்த்தையை ஒட்டி வெச்சுக்கறேன். முகம் ஞாபகம் வந்தா வார்த்தையும் வந்துடும்."

"முபோரக் மேல என்ன ஒட்டினே?"

ஓய்தின் என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"கஞ்சம்னு..."

ஒரு கைக்குட்டையைப் பரிசாக நீட்டிவிட்டு, தட்டிலிருந்த பலகாரத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனவள் முபோரக். ஹோசியத்தின் உதட்டோரம் துடித்தது.

"வெறும் கஞ்சமா? அவளுக்கு அது எப்படிப் பத்தும்? அதைவிடக் காரமா எதுவும் இல்லையா உங்க இங்கிலீஷ்ல?"

ஓய்தின் ஒன்று சொன்னாள்.

"இன்னும் காரமா! கொடுக்க மனசு வராது, வாங்க மட்டும் ரெண்டு கையும் நீளும். அதுக்குச் சொல்லு."

ஓய்தின் கண்ணை மூடி யோசித்து, வாய்கொள்ளாத நீளத்தில் ஒன்றைச் சொன்னாள். ஹோசியத் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். காறித் துப்பியதுபோல வந்தது.

"இது சரி!"

அதற்குப் பிறகு ஒரு விருந்தாளியும் தப்பவில்லை. வந்தவர் செருப்பு மாட்டிக் கிளம்பியதும் ஹோசியத் ஆரம்பிப்பாள். "இவ பொய் சொல்றவ இல்ல, கூட்டிச் சொல்றவ. ரெண்டுக்கும் வார்த்தை வேற வேறயா?" ஓய்தின் சிரித்துக்கொண்டே தேடுவாள். சில வார்த்தைகளை ஹோசியத்தே தேநீர் ஊற்றும்போது சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஓய்தின் வாயைத் திறந்தாள்.

"அத்தை, சனிக்கிழமை ஃபெர்கானாவுல பரீட்சை. நான் போகணும்."

ஹோசியத் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நாற்பது முடியலையே. தனியாவா?"

"நீங்க கூட வரலாம். ஆனா வாசலோட நிறுத்திடுவாங்க."

"உள்ள?"

"நூறு பேர் எழுதுவாங்க."

ஹோசியத் மருமகளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வாசல் வரைக்கும் நான் இருக்கேன். உள்ள நூறு பேர் இருக்காங்க. அப்புறம் இவ எங்கக்கா தனியா இருக்கப்போறா?"

"அதானே!" என்றேன்.

ஓய்தின் தேநீர்க் கெண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"நீங்க விடமாட்டீங்கன்னே நினைச்சேன் அத்தை."

"கேட்டாத்தானே விடறதுக்கு? கண்ணைத் தொடைச்சுக்கோ. காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும், அதைச் சொல்லு முதல்ல."