திருகாணி கேட்டால் இல்லையென்று சொல்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று கேட்டால், என் முழங்கைக்குக் கீழே என்றுதான் சொல்லவேண்டும். இதை எழுதுகிற மேஜை கான்கிரீட் மேஜை. வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும். பேனாவை வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும், அவ்வளவு மட்டம். இதைச் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் அம்மா, இன்னொருவர் என் கணவர். ஒருவரோடு ஒருவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிராத இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொருளைச் செய்து முடித்தார்களே, அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இரண்டு பேரும் என் பின்னால் நின்று படிக்கப்போகிறார்கள் என்று.

ஆகவே ஓர் ஏற்பாடு. கதைக்குள் நான் வரமாட்டேன். வந்தாலும் 'மகள்' என்று ஓரமாக வந்து டீ கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். அம்மா 'மாமியார்'. கணவர் 'மருமகன்'. பெயர் போட்டால் சொந்தக்காரர்கள் போன் செய்வார்கள். அந்தத் தொல்லை நமக்கு எதற்கு?

2

முதல் தொடக்கம்: "அந்த வீட்டுக் கொட்டகையில் இரண்டு மௌனங்கள் குடியிருந்தன, ஒன்று—"

அம்மா படித்துவிட்டு, "யாரு மௌனம்? நானா?" என்றாள். நியாயமான கேள்வி. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "கான்கிரீட் என்பது காலத்தின்—" இதை நானே அடித்துவிட்டேன். கான்கிரீட் என்பது சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர். காலத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மூன்றாவது: "மாமியார் பத்து நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தார்." இது நிற்கும்.

3

மாமியார் பத்து நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தார். குடியிருந்த வாடகை வீட்டை வீட்டுக்காரர் தன் பிள்ளைக்கு வேண்டுமென்று திருப்பிக் கேட்டுவிட்டார்; வேறு இடம் கிடைக்கிறவரைக்கும் மகள் வீடு. கையில் ஒரே ஒரு சூட்கேஸ். பத்து நாள் ஒரு மாதமாகி, மாதம் ஒரு வருஷத்தையும் தாண்டியது. சூட்கேஸ் மட்டும் கட்டிலுக்கடியில் கிளம்பத் தயாராகவே இருந்தது. அலமாரியில் அவருக்கென்று இரண்டு தட்டுகளை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அவரோ துவைத்த துணியை மடித்து மறுபடி சூட்கேஸுக்குள்தான் வைப்பார். தட்டுகள் காலியாகவே கிடந்தன.

வாழ்நாள் முழுக்க வாடகை வீடு. ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அனுமதி கேட்கவேண்டிய சுவர்கள். அதனால்தானோ என்னவோ, ரிட்டயரான பிறகு போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவருக்குக் கான்கிரீட் மேல் ஆசை வந்துவிட்டது. முதலில் பழைய எண்ணெய் டின்னில் வார்த்த ஒரு பூந்தொட்டி. அடுத்தது தோட்டத்துக்கு மிதிகல். அப்புறம் கேட்கவேண்டாம்! சோப்பு வைக்க, புத்தகம் சாயாமலிருக்க, கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க, எல்லாவற்றுக்கும் கான்கிரீட். அந்த வீட்டில் எதைத் தூக்கினாலும் கனத்தது. மகள் அவருக்கு 'மேஸ்திரி' என்று பட்டப்பெயர் வைத்தாள்.

மருமகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். அவருக்குப் பழைய மரவேலைக் கருவி என்றால் உயிர். யாரோ வீட்டைக் காலிசெய்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், முதல் ஆளாகப் போய் நிற்பார். இழைப்புளி, உளி, ரம்பம், கொட்டாப்புளி என்று துருவும் தூசியுமாகக் கொண்டுவந்து, தேய்த்து, தீட்டி, எண்ணெய் தடவி, கொட்டகைச் சுவரில் வரிசையாக மாட்டிவிடுவார். மாட்டுவதோடு சரி. ஒரு ஸ்டூல்கூடச் செய்ததில்லை. "யூஸ் பண்ணா தேஞ்சிடும்" என்பார்.

அந்தக் கொட்டகையில்தான் மாமியார் சிமெண்ட் மூட்டையை இறக்கினார்.

ஒருநாள் கலவை பூசுகிற கரணையில் காய்ந்துபோயிருந்த சிமெண்டைச் சுரண்ட, கைக்கு எட்டிய ஓர் உளியை எடுத்துவிட்டார். அது எப்பேர்ப்பட்ட உளி! மருமகன் அதை வாங்கிவந்த நாளில் அதற்குத் துண்டு போர்த்தித் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது வாசலில் நின்று பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"சாப்டீங்களா அத்தை?"

"ஆச்சு மாப்பிள்ளை."

அவ்வளவுதான் சண்டை. அவர் அந்த உளியை எடுத்துக்கொண்டுபோய் அன்று முழுக்கச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமியார் சமையலறைக்கு வந்து, "ஒரு வார்த்தை திட்டினாத்தான் என்ன? நான் என்ன விருந்தாளியா?" என்று மகளிடம் மூக்கை உறிஞ்சினார்.

[அம்மா: "நான் எங்கடி மூக்கை உறிஞ்சினேன்? வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன்." சரி. வெங்காயம்.]

4

ஒரு காலையில் மாமியார் அறிவித்தார். "வேற ஊர்ல ஒரு ரூம் பாத்துட்டேன். என்கூட வேலை பாத்தவளோட வீட்டு மாடி. போறதுக்கு முன்னாடி உனக்கு எழுதறதுக்கு ஒரு மேஜை ஊத்திக் குடுத்துட்டுப் போறேன். யாரும் தூக்கிட்டுப் போக முடியாத மாதிரி."

மகள் டீயைக் கீழே வைத்தாள். (என்ன சொல்வாள், பாவம்? 'போகாதே' என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. 'நீ சொல்லுவே. வீடு மாப்பிள்ளையோடது' என்பதுதான் எப்போதும் பதில். சொல்லவேண்டிய மனுஷன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.)

மாமியார் அவர் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, அச்சு செய்ய நாலு பலகை வேணும். இழைச்சுக் குடுப்பீங்களா?"

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் மருமகனிடம் கேட்ட முதல் உதவி அது.

"குடுக்கறேன் அத்தை" என்றார் மருமகன். அன்றே சுவரிலிருந்து இழைப்புளி இறங்கியது. கொட்டகைத் தரையெல்லாம் சுருள் சுருளாக மரச்சீவல். மகள் எட்டிப் பார்த்தாள், மனுஷன் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

கான்கிரீட் அச்சைத் திருகாணி போட்டுத்தான் முடுக்குவார்கள்.* கலவை இறுகியதும் திருகாணியைக் கழற்றினால் பலகை தானாக விலகிவிடும். மருமகன் என்ன செய்தார் தெரியுமா? பலகை முனைகளைப் புறாவின் வால்போல விரிந்த பற்களாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, போதாக்குறைக்குத் தண்ணீர் பட்டாலும் விடாத பசையைப் பூசி இறுக்கிவிட்டார். ஒரு மூலையில்கூட நகம் நுழைய இடமில்லை.

மாமியார் தடவிப் பார்த்தார். "அடேயப்பா!" என்றார். கழற்றுவது எப்படி என்று அவருக்கும் தோன்றவில்லை. அழகு கண்ணை மறைத்துவிட்டது.

* திருகாணியை மறந்துவிடாதீர்கள். கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கதைக்காரி என்ற முறையில் இதைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும், ஆனால் தீரவில்லை. நாள் முழுக்க லென்ஸைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறவர், கழற்றவேண்டிய பொருளுக்குப் பசை போடுவாரா?

ஒன்று, அவர் அசடு. மாமியார் முதன்முதலாக ஒன்று கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில், தெரிந்த வித்தையையெல்லாம் காட்டிவிட்டார். அல்லது, பலே கெட்டிக்காரர். அச்சு திறக்காமல் மேஜை முடியாது. மேஜை முடியாமல் மாமியார் கிளம்பமுடியாது.

நேராகவே கேட்டுவிட்டேன். "எழுதறவ நீதானே, நீயே கண்டுபிடி" என்று நழுவிவிட்டார். ஆனால் காது சிவந்திருந்தது. ("வெயில்ல நின்னேன்" என்கிறார். இருக்கட்டும்.)

6

பழைய அலமாரிக் கதவு ஒன்று, வழவழப்பானது, அடிப்பலகையாயிற்று. மேஜையைக் கவிழ்த்துத்தான் வார்ப்பார்கள். இன்று அடியில் படிவதுதான் நாளைக்கு மேல்முகம். மாமியார் கலவையைத் தள்ள, மருமகன் கம்பி வலையைப் பதிக்க, மகள் ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்ட, காற்றுக் குமிழிகள் மேலே வந்து உடைந்தன. "தட்டுடி! நல்லாத் தட்டு, மேஜை உனக்குத்தானே!"

அதன்பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தி, வேளை தவறாமல் தண்ணீர் தெளித்தார் மாமியார். பஸ் டிக்கெட்டும் வாங்கியாயிற்று.

திறக்கிற நாள் வந்தது. மூலையில் தட்டினார். அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். ஈரத்தைக் குடித்து உப்பியிருந்த மரம் 'டொக்' என்றது, அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை, ஸ்க்ரூ எங்க இருக்கு?"

"ஸ்க்ரூ போடலையே அத்தை."

"பின்ன?"

"பசை."

அப்புறம் வந்தது பாருங்கள், ஒரு வருஷமாக உள்ளே சேர்த்துவைத்திருந்ததெல்லாம்! "பசையா? அச்சுக்கு யாராவது பசை போடுவாங்களா? நான் என்ன நகைப்பெட்டியா கேட்டேன்? அறிவிருக்கா உங்களுக்கு?"

சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டார். மருமகனை, அவர் வீட்டிலேயே நின்று, திட்டிவிட்டார்.

மருமகனும் விடவில்லை. "நீங்க மட்டும் என்னவாம்? பாத்துட்டு அடேயப்பான்னீங்களே! அன்னிக்கு என் உளிய எடுத்து சிமெண்ட் சுரண்டினீங்க, நான் ஒரு வார்த்தை கேட்டேனா?"

"ஏன் கேக்கல? கேட்டிருக்கணும்! நான் என்ன மூணாம் மனுஷியா?"

"சரி, இப்ப கேக்கறேன்! ஏன் எடுத்தீங்க?"

"தெரியாம எடுத்துட்டேன்!"

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன!"

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன. அந்த வீட்டில் அவ்வளவு நல்ல சண்டை அதற்கு முன் நடந்ததே இல்லை.

7

முடிவு ஒன்று: பெரிய சுத்தியலால் அச்சை உடைத்தார்கள். மேஜையின் மூலை பெயர்ந்துவிட்டது. மாமியார் சூட்கேஸை எடுத்துக்கொண்டு— இதற்குமேல் கை ஓடவில்லை. வேண்டாம், விடுங்கள்.

முடிவு இரண்டு: மரச்சட்டத்தோடு அப்படியே விட்டுவிட்டார்கள். மேஸ்திரி சம்மதிக்கவில்லை. "சட்டம் போட்டு வைக்க அது என்ன கல்யாண போட்டோவா?"

நடந்தது மூன்றாவது. மருமகன் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரின் உச்சியில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்தார். பித்தளை முதுகு வைத்த சின்ன ரம்பம். பொடிப் பொடியான பல். தூசி தட்டக்கூட யாரையும் விடமாட்டார். (கடையில் வேறொன்று வாங்கியிருக்கலாமே என்று நினைக்கிற வாசகருக்கு: மகளும் அதையேதான் கேட்டாள். "பெரிய பல்லுன்னா உதறும். கான்கிரீட் இன்னும் பச்சை, மூலை பேந்துடும்" என்றார்.) மரத்தைத் தாண்டிக் கான்கிரீட்டில் உரசினால் அந்தப் பல் தொலைந்தது. அது அவருக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும்.

"வேணாம் மாப்பிள்ளை. அது உங்க உயிராச்சே."

"ரம்பம்னா அறுக்கணும் அத்தை. பிடிங்க, நீங்களே ஆரம்பிங்க. கான்கிரீட் எங்க தொடங்குதுன்னு உங்க கைக்குத்தான் தெரியும்."

இரண்டு மூலை மாமியார் அறுத்தார், இரண்டு மூலை மருமகன். கடைசி மூலை முடியப்போகிற நேரத்தில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். மருமகன் கண்ணை மூடித் திறந்தார். "போகட்டும், தீட்டிக்கலாம்" என்றார். 'தேஞ்சிடும்' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வாய்!

பலகைகள் விலகின. பக்கத்து வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு, ஒரு கை பிடித்து, மேஜையைப் புரட்டினார்கள். மாமியார் அடிப்பலகையை உரித்தார். உள்ளே பளபளவென்று மேல்முகம்! ஒரு குமிழி இல்லை, ஒரு கீறல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், "யாரு செஞ்சது? வெளியில ஆள் வச்சீங்களா?" என்றார். "நாங்கதான்!" என்று மாமியாரும் மருமகனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மாமியார் கைதட்டினார். கைதட்டல் போதாமல் குதித்தார்.

அப்புறம் மூலையைத் தடவியவர், அப்படியே நின்றுவிட்டார். நாலு மூலையிலும் அந்தப் புறாவின் வால் போன்ற பற்கள், ஒன்று விடாமல், மெல்லிய கோடுகளாகக் கான்கிரீட்டில் பதிந்திருந்தன. மரத்தில் அறுபட்ட மூட்டு இங்கே முழுசாக இருந்தது.

"மாப்பிள்ளை, இங்க வந்து பாருங்க. உங்க வேலை. இனிமே இது எங்கயும் போகாது."

"நீங்களும் போகாதீங்க அத்தை."

சொல்லிவிட்டு மருமகன் ரம்பத்தைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். மாமியார் உள்ளே போனார். சாயங்காலம் மகள் அலமாரியைத் திறந்தபோது இரண்டு தட்டிலும் துணி அடுக்கி, இடம் போதாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. சூட்கேஸ் கொட்டகைக்குப் போய்விட்டது. அதில் இப்போது கரணையும் ரசமட்டமும் வைத்திருக்கிறார்.

8

இங்கேயே முடித்திருப்பேன். அம்மாவும் படித்துவிட்டு, "குதிச்சதை எடுத்துடு, மத்தபடி சரி" என்று சொல்லிவிட்டாள். (எடுக்கமாட்டேன். குதித்தாள்.)

ஆனால் இன்று காலை தோட்டத்துக்கு ஒரு பெஞ்சு வார்ப்பதென்று இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். "இந்தத் தடவை ஒழுங்கா ஸ்க்ரூ போடுங்க மாப்பிள்ளை, பசை கிசைன்னு வந்தீங்க, பாத்துக்குங்க!" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். கத்திவிட்டு நேராக என்னிடம் வந்து, முந்தின வாரம் வாங்கிய திருகாணி டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"இதை எங்கயாவது ஒளிச்சு வை. மாப்பிள்ளை கேட்டா இல்லைன்னு சொல்லு."

"ஏம்மா? நீதானே இப்ப ஸ்க்ரூ போடச் சொன்னே?"

"அதுக்காக? மூலையில கோடு விழ வேணாமா?"

டப்பாவை இந்தக் காகிதங்களுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மேலே இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதோ, கணவர் வாசலில் வந்து நிற்கிறார், கையில் ஸ்க்ரூடிரைவர். "ஸ்க்ரூ டப்பாவைப் பாத்தியா? அத்தை கண்டிப்பா ஸ்க்ரூதான்னுட்டாங்க." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காது மட்டும் சிவந்திருக்கிறது, நிழலில் நிற்கும்போதே. அவர் முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, அம்மா சிமெண்ட் அப்பிய இரண்டு கையையும் தூக்கி 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆட்டுகிறாள்.

நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன். பதில் வராததால் அவர் இப்போது காகிதத்தை எட்டிப் பார்க்கிறார். அதாவது, உங்களைப் பார்க்கிறார். டப்பா எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள், இருக்கிறதா, இல்லையா?